'அண்ணே' என்ற வார்த்தை வாயில் வராமல் போன நாள்

கேள்வி: "நாற்பத்தைந்து வயதுக்கு மேல், வெளிநாடு போன இடத்தில் ஒருவரைப் பிடித்துப் போனால் அதை நம்பலாமா? ஊருக்குத் திரும்பியதும் தானாக மறந்துவிடுமா?"

பெயர் போடாமல் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பெண் என்றும், வளர்ந்த பிள்ளை இருக்கிறது என்றும், இதைச் சொல்ல உங்களுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை என்றும் நானாக நினைத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். எனக்கு இரண்டு வருடம் ஆகப்போகிறது. மறக்கவில்லை.

நான் பாம்பன்காரி. வயது 47. மண்டபத்தில் நண்டுச் சதை எடுக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். வீட்டுக்காரர் 2012-ல் மாரடைப்பில் போய்விட்டார். அப்போது மகனுக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு யாரையும் அப்படி நினைத்ததில்லை. வைராக்கியம் என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன், நேரம் இல்லை. ஓட்டுத் துணுக்கு ஒன்று சதையில் போய்விட்டால் சரக்கு திரும்பி வரும். நாள் முழுக்க விளக்கு வெளிச்சத்தில் அதைத் தேடிவிட்டு வீட்டுக்கு வந்தால் கண் தானாக மூடிக்கொள்ளும்.

2024 ஜனவரியில் எங்கள் சர்ச் பங்கிலிருந்து இருபத்திரண்டு பேர் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போனோம். 2019 ஈஸ்டர் அன்று குண்டு வெடித்த அதே கோவில்தான். போன கதையைச் சொல்லும்போது ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் கடல் 30 கிலோமீட்டர்கூட இல்லை. 1964 டிசம்பர் புயல் வரைக்கும் தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். புயலுக்கு அப்புறமும் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது, 80-களில் நின்றது நின்றதுதான். அதனால் கிழக்கே கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும் நாட்டுக்குப் போக நாங்கள் மேற்கே மதுரை வரை 150 கிலோமீட்டருக்கு மேல் போய் விமானம் ஏறினோம். பறக்கிற நேரம் ஒரு மணி நேரம்கூட இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை, அந்தோனியாருக்கு உகந்த நாள். கூட்டத்தில் யாருடைய முழங்கையோ பட்டு என் கண்ணாடி கீழே விழுந்தது. வெள்ளெழுத்துக் கண்ணாடி. அது இல்லாமல் ஜெபப் புத்தகத்தில் ஒரு வரி ஓடாது. ஒரு பக்கத்துக் கால் கழன்று கையோடு வந்தது. திருகாணி எங்கே தெறித்ததோ தெரியவில்லை. விசாரித்துக்கொண்டு போனபோது ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு சந்தில் கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் கடையைக் காட்டினார்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்தால் அடுத்தவர் தெருவில்தான் நிற்க வேண்டும், அவ்வளவு சின்னக் கடை. தலை நரைத்த ஒருவர் ஒற்றைக் கண்ணில் லென்ஸ் இடுக்கிக்கொண்டு குனிந்திருந்தார்.

"அண்ணே, இதுக்கு ஒரு ஸ்குரு போட முடியுமா?" என்றேன். முன்பின் தெரியாத ஆண் யாராக இருந்தாலும் எங்கள் பக்கத்தில் அண்ணன்தான்.

அவர் நிமிர்ந்து பார்த்து, "ராமநாதபுரம் பக்கமோ?" என்றார். பாம்பன் என்றேன். கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார். "நான் மண்டபம் கேம்பில பதின்மூண்டு வருசம் இருந்தனான்."

1990-ல், பத்தொன்பது வயதில், அம்மாவோடு தலைமன்னாரிலிருந்து படகில் வந்தவர். படகுக்காரன் கரை வரைக்கும் வராமல் தனுஷ்கோடிக்கு முன்னால் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போக, ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் நின்றிருக்கிறார்கள். மண்டபம் அகதி முகாமில் இருந்தபடியே பக்கத்து ஊரான உச்சிப்புளியில் ஒரு பாய் கடையில் கடிகார வேலை பழகியிருக்கிறார். 2003-ல் திரும்பிப் போனார். பேசி வைத்திருந்த பெண் குடும்பத்தோடு கனடா போய்விட்டது. அப்புறம் அம்மாவைப் பார்த்துக்கொண்டே ஐம்பதைத் தாண்டிவிட்டார். அம்மாவும் 2021-ல் தவறிவிட்டார். இதெல்லாம் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது.

அன்று அவர் கேட்டது ரயிலைப் பற்றி. "மண்டபம் ஸ்டேசன்ல இப்பவும் ரயில் நிக்குதோ?"

"இப்ப மண்டபத்தோடயே நின்னுடுது அண்ணே. பாலத்துல ஓட்டம் இல்ல" என்றேன். 1914-லிருந்து ஓடிய பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரலில்தான். அவருக்கு முகம் வாடிவிட்டது. முகாமில் படுத்திருக்கும்போது ரயில் போகிற சத்தத்தை வைத்துத்தான் மணி பார்ப்பாராம்.

என் கண்ணாடிக்குப் பொருந்துகிற திருகாணி அவரிடம் இல்லை. ஓடாத லேடீஸ் வாட்ச் ஒன்றைத் திறந்து அதிலிருந்து ஒன்றைக் கழற்றினார். கடுகில் பாதிகூட இருக்காது. நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு அதைப் பொருத்தி, கழலாமல் இருக்க மேலே நகப்பூச்சு ஒரு பொட்டு வைத்தார். துடைத்தார். அப்புறம் கண்ணாடியின் இரண்டு கால்களையும் விரித்து, நான் வாங்கி அப்படியே மாட்டிக்கொள்ள வாகாக என் பக்கம் திருப்பி நீட்டினார். காசு வாங்கவில்லை. "உங்கட ஊர்த் தண்ணி பதின்மூண்டு வருசம் குடிச்சனான். காசு வாங்க ஏலாது."

மறுநாள் எல்லோரும் புறக்கோட்டைக்குச் சாமான் வாங்கப் போனார்கள். தலைவலி என்று சொல்லி நான் நின்றுவிட்டேன். இந்தப் பயணத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். கடை வாசலில் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். இஞ்சி போட்ட பிளேன்டீ வந்தது. இரண்டு மணி நேரம் என்ன பேசினோம் என்று இப்போது கேட்டால் கோர்வையாகச் சொல்லத் தெரியாது. தலைமன்னாரில் தெளிவான ராத்திரியில் ராமேஸ்வரம் டிவி டவரின் சிவப்பு விளக்கு தெரியும் என்றும், திரும்பிப் போன புதிதில் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன் என்றும் சொன்னார். நான் அவருக்கு நண்டு கையால் உடைக்கும் விதம் சொன்னேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் காலிமுகத்திடல் கடற்கரை. என்னோடு எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். தனியாகப் போகவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன், நாளைக்கு யாராவது கேட்பார்கள். அங்கே இறால் வடை பேர்போனது, முழு இறால் வடை மேலே உட்கார்ந்திருக்கும். தலை ஆடிக்கொண்டிருந்தால் பழைய இறால். அவர் வாங்கப் போன வண்டியில் ஆடிக்கொண்டிருந்தது. "அண்ணே, அதை வாங்காதீங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். 'அண்ணே' வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. "அதை வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். அன்று இரவு வரை நான் அவரை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது?

நான்கு நாளில் இதெல்லாம் வருமா என்று சிலர் எழுதுவீர்கள். முகாமில் இருந்த ஆள், இந்தியாவுக்குத் திரும்பி வர வழி தேடுகிறார் என்றும் எழுதுவீர்கள். என் சொந்த நாத்தனாரே அதைச் சொன்னார். இதுவரை அவர் என்னிடம் ஒரு ரூபாய் கேட்டதில்லை, நானும் அனுப்பியதில்லை. இந்தியா வருகிறேன் என்று அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அவருக்குக் கடை இருக்கிறது, கை நிறைய வேலை இருக்கிறது. முகாமில் வாழ்ந்த ஒரே காரணத்துக்காக ஒருவரைச் சந்தேகப்படுவது பாவம் என்பது என் எண்ணம்.

ஊருக்கு வந்த பிறகு, அந்த பிப்ரவரியில் கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவில் பார்த்துக்கொள்வதாக இருந்தோம். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டாம், இங்கிருந்து நாங்களும் அங்கிருந்து அவர்களும் படகில் வருவோம். ஆனால் 2024-ல் மீனவர் கைது, சிறைத் தண்டனைப் பிரச்சினையில் ராமேஸ்வரம் படகுகள் திருவிழாவைப் புறக்கணித்துவிட்டன. எங்கள் ஆட்களின் நியாயம் எனக்குத் தெரியும், குறை சொல்ல மாட்டேன். அவர் மட்டும் யாழ்ப்பாணம் வழியாக வந்து, சிலுவைப்பாதை பார்த்து, திரும்பிப் போனார்.

2025 மார்ச்சில் அதே கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் போனேன். உச்சிப்புளி பாய் கடையைத் தேடி எடுத்த போட்டோவைக் கொண்டு போயிருந்தேன். பாய் மவுத்தாகிவிட்டார், பேரன் அங்கே மொபைல் கடை வைத்திருக்கிறான். அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எனக்குக் கொண்டு வந்தது ஒரு மாத்திரை டப்பி. உள்ளே மூன்று திருகாணி, ஒரு குட்டித் திருப்புளி. "நான் அவசரப்படுத்த மாட்டன்" என்றார். நான்தான், "சாமியாரிடம் பேசுவோம்" என்று சொன்னேன்.

உங்கள் கேள்விக்கு என்னால் சொல்ல முடிவது இதுதான். அங்கே கடற்கரையில் நின்றபோது என்ன தோன்றியது என்பதை வைத்து முடிவு பண்ணாதீர்கள். ஊரில், கை நகத்தில் நண்டு வாடை போகாத ஒரு சாதாரண ராத்திரியில், அன்றைக்கு நடந்ததை அவரிடம் சொல்ல வேண்டும் என்று இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு இருந்தது. தினமும் ஒன்பது மணிக்குப் பேசுகிறோம். இப்போது கல்யாணத்துக்கு இரண்டு பங்கிலிருந்தும் தாள்கள் சேர வேண்டும். வீட்டுக்காரரின் இறப்புச் சான்றிதழை அதற்காக எடுத்தபோது உட்கார்ந்து அழுதேன், அதையும் அவரிடம் சொன்னேன். மகன் ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம், "நல்லா யோசிச்சுச் செய்ங்கம்மா" என்றான்.

மாமியாரை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன். அவர் தனுஷ்கோடியில் பிறந்தவர், புயலின்போது பதினொரு வயது. கேட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து போனார். மூன்றாம் நாள், "தலைமன்னார்ல எந்தப் பக்கமாம்?" என்று கேட்டார். இப்போது ஒன்பது மணி ஆனால் டிவி சத்தத்தைக் குறைத்து வைக்கிறார். போன வாரம் மணி ஒன்பதரை ஆகியும் போன் வரவில்லை. நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அடுப்படியிலேயே நின்றேன். அவர் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்: "சிலோன்ல நல்ல மழையாம். நீயே போட்டுப் பாரு."