பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட்: இரண்டே ஆண்டு, மூன்றே இசைத்தட்டு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கூடும் எங்கள் பழைய பாட்டு ரசிகர்கள், போன வாரம் 1966 முதல் 1968 வரை லாஸ் ஏஞ்சலஸில் இயங்கிய பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ராக் குழுவின் இரண்டாவது இசைத்தட்டை முழுசாகப் போட்டுக் கேட்டோம். நேரம் போதவில்லை. எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

செந்தூல் தம்பி: அண்ணே, பெரிசா ஓடின பாட்டு ஒன்னுதான். அப்புறம் ஏன் இவங்களுக்கு இவ்வளவு பேரு?

குழு உடைந்த பிறகு நடந்ததைப் பாருங்கள் தம்பி. ஸ்டீபன் ஸ்டில்ஸ் போய் டேவிட் கிராஸ்பி, கிரஹாம் நாஷ் என்ற பாடகர்கள் இருவரோடு சேர்ந்தார். 1969இல் நீல் யங்கும் அங்கே வந்தார். ரிச்சி ஃபியூரேயும் ஜிம் மெசினாவும் போக்கோ குழுவைத் தொடங்கினார்கள். போக்கோவின் முதல் பேஸ் கிட்டார்காரர் ராண்டி மைஸ்னர்தான் பிறகு ஈகிள்ஸைத் தொடங்கிய நால்வரில் ஒருவர். அவர் விலகியபோது அந்த இடத்துக்கு வந்த டிமத்தி ஷ்மிட்டும் போக்கோ ஆள்தான். நம் ஊர் கராவோக்கேயில் ஈகிள்ஸின் ஹோட்டல் கலிஃபோர்னியா பாடாத ஆள் உண்டா? அந்த வழியைப் பின்னால் பிடித்துக்கொண்டே போனால் இந்தக் குழுவில்தான் வந்து நிற்கும்.

ஜெலுத்தோங் வாசகி: நீல் யங் சவ வண்டியிலே வந்து சேர்ந்தார்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான் அம்மா. டொராண்டோவில் யங்கும் பேஸ் கிட்டார்காரர் புரூஸ் பால்மரும் மைனா பேர்ட்ஸ் என்ற குழுவில் இருந்தார்கள். பாடகர் ரிக் ஜேம்ஸ். மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்த நேரத்தில், ரிக் ஜேம்ஸ் அமெரிக்கக் கடற்படையிலிருந்து ஓடி வந்தவர் என்று தெரிந்துபோனது. அதோடு எல்லாம் நின்றது. மற்ற இருவரும் குழுவின் கருவிகளை விற்று, 1953ஆம் ஆண்டு பொன்டியாக் சவ வண்டி ஒன்றை வாங்கி லாஸ் ஏஞ்சலஸுக்கு ஓட்டினார்கள். 1965இல் கனடாவின் ஃபோர்ட் வில்லியமில் யங் சந்தித்த ஸ்டில்ஸைத் தேடித்தான் அந்தப் பயணம். ஊரெல்லாம் தேடியும் ஆள் கிடைக்கவில்லை. கிளம்பிவிடலாம் என்று இருந்தபோது, சன்செட் பூலவார்டு நெரிசலில் எதிர்த்திசையில் போன ஸ்டில்ஸும் ஃபியூரேயும் ஒன்டாரியோ நம்பர் பிளேட்டோடு நின்ற அந்த வண்டியைக் கண்டுகொண்டார்கள். நால்வரும் ஒன்று சேர்ந்தார்கள், டிரம்ஸுக்கு டூயி மார்ட்டின் வந்தார். சாலை போடும் ரோலரின் பக்கத்தில் பொறித்திருந்த கம்பெனிப் பெயரைத் தங்கள் பெயராக்கிக்கொண்டு, 1966 ஏப்ரலிலேயே மேடையேறிவிட்டார்கள்.

பட்டர்வொர்த் அன்பர்: ஃபார் வாட் இட்ஸ் வொர்த், வியட்நாம் போர் எதிர்ப்புப் பாட்டுதானே சார்?

பின்னாளில் அப்படி ஆக்கிக்கொண்டார்கள். ஸ்டில்ஸ் எழுதியதோ லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் ஸ்டிரிப் கலவரத்தைப் பார்த்துவிட்டு. ஊரடங்கு என்றால் நம் பெரியவர்களுக்கு 1969 மே மாதக் கலவரம்தான் ஞாபகம் வரும். இது வேறு: 18 வயதுக்குக் குறைந்தவர்கள் இரவு 10 மணிக்கு மேல் தெருவில் சுற்றக் கூடாது என்ற கெடுபிடி. 1966 நவம்பரில் பண்டோராஸ் பாக்ஸ் என்ற கிளப்பின் முன்னால் இளைஞர்கள் திரண்டார்கள், போலீஸ் இறங்கியது. டிசம்பர் 5இல் பாட்டு பதிவாகிவிட்டது. 1967இல் அமெரிக்கப் பட்டியலில் 7ஆம் இடம் வரை ஏறியது. யாரையும் திட்டாமல், ‘என்னமோ நடக்கிறது, கவனியுங்கள்’ என்ற தொனியில் எழுதியதால்தான் எந்தப் போராட்டத்துக்கும் அது பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

ஆயர் ஈத்தாம் அன்பர்: பினாங்கு லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் இவர்களுடைய முதல் இசைத்தட்டு கிடைத்தது. முதல் அச்சா?

அமெரிக்கத் தட்டு என்றால், பேபி டோன்ட் ஸ்கோல்ட் மீ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முதல் அச்சு. 1967 மார்ச்சில் அதை எடுத்துவிட்டு ஹிட் பாட்டான ஃபார் வாட் இட்ஸ் வொர்த்தைச் சேர்த்தார்கள்.

கெப்போங் தங்கச்சி: ஸ்டில்ஸ், யங் சண்டையிலதான் உடைஞ்சதா அண்ணே?

சண்டை உண்டு. 1967 ஜூன் மாண்டெரே பாப் இசை விழாவுக்கு முன்பே யங் விலகிப்போய், அவர் இடத்தில் டேவிட் கிராஸ்பி வாசிக்க வேண்டியதாயிற்று. ஆனால் என்னைக் கேட்டால், பால்மர் இல்லாமல் போனதுதான் பெரிய அடி. கஞ்சா வழக்கில் அவரைக் கனடாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்தார், மறுபடியும் அனுப்பினார்கள். அவர் இடத்தில் ஆள் மாறிக்கொண்டே இருந்தது. அடித்தளம் ஆடும்போது மேலே ஸ்டில்ஸ், யங், ஃபியூரே என்ற மூன்று பாட்டாசிரியர்கள் எப்படி ஒத்துப்போவார்கள்? 1968 மே 5, லாங் பீச்சில் கடைசிக் கச்சேரி.

அதே தங்கச்சி: எதிலிருந்து கேட்கத் தொடங்கணும்?

இரண்டாவது தட்டு, பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் அகெய்ன். ப்ளூபேர்டை முதலில் போடுங்கள். ஸ்டில்ஸும் யங்கும் கிட்டாரில் மோதுவது தெளிவாகக் கேட்கும். அடுத்து எக்ஸ்பெக்டிங் டு ஃப்ளை: யங், இசை ஒழுங்கமைப்பாளர் ஜாக் நிட்ஷேயுடன் சேர்ந்து செய்தது, குழுவின் மற்றவர்கள் அதில் இல்லவே இல்லை. பிரிவு அப்போதே தொடங்கிவிட்டது. பிறகு மூன்றாவது தட்டில் ஃபியூரே தன் மனைவிக்காக எழுதிய கைண்ட் உமன். அதில் ஸ்டீல் கிட்டார் வாசிக்க வந்த ரஸ்டி யங், நீல் யங்குக்கு உறவில்லை, அப்படியே போக்கோவில் சேர்ந்துவிட்டார்.