கரடும் கண்மாயும் யார் கணக்கில் இருக்கின்றன? கேள்வி பதில்

வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது கரடு (சின்னப் பாறைக்குன்று), கண்மாய், மேய்ச்சல் நிலம் என்று எதையாவது காப்பாற்ற நினைக்கிற ஊர்க்காரர்களுக்குக் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன், மனு எழுதிக் கொடுக்கிறேன். கேள்விகள் நிறைய வந்துவிட்டன, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். வழக்கு என்று வந்தால் மட்டும் என்னை நம்பாமல் வக்கீலைப் பாருங்கள்.

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு கரடு. அதில் தேவாங்கும் எறும்புத்தின்னியும் இருக்கின்றன, கண்ணால் பார்த்திருக்கிறோம். குவாரிக்கு விடப்போவதாகப் பேச்சு. வனத்துறையிடம் போனால் "அது எங்கள் நிலம் இல்லை" என்கிறார்கள். எங்கே தொடங்குவது? (மணப்பாறை பக்கத்திலிருந்து ஒரு விவசாயி)

முதலில் அந்த நிலம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று பாருங்கள். பல ஊர்க்காரர்கள் இதைச் செய்யாமலே கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் நிற்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு இருக்கும், ஊரின் ஒவ்வொரு நிலமும் எந்த வகை என்று சொல்கிற கணக்கு அது. புல எண் தெரிந்தால் இணையத்திலேயே பார்த்துவிடலாம். காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அப்படிச் சொல்லியிருக்காது. அதனால் அநேகமாகக் கல்லாங்குத்து (பாறை நிலம்), தீர்வை (நிலவரி) ஏற்படாத தரிசு, மேய்க்கால் புறம்போக்கு இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அந்தப் பதிவேடு வரி வசூலுக்காக உண்டானது. தேவாங்குக்கும் சுனைக்கும் அதில் கட்டம் கிடையாது.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். நீங்கள் சொல்கிற இரண்டு உயிர்களும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. யாருடைய நிலத்தில் இருந்தாலும் அவற்றைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். அப்படி ஒரு புகார் போனால் "எங்கள் நிலம் இல்லை" என்று வனத்துறை தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அவை குடியிருக்கிற பாறையை வெடி வைத்து உடைப்பதை அந்த அட்டவணை மட்டும் தடுத்துவிடாது. அதற்கு நிலத்துக்கென்றே தனியாக ஒரு பாதுகாப்பு வேண்டும். 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தக் கோட்டுக்கு வெளியே உங்கள் கரடு மாதிரி இடங்களில் இருக்கிற தேவாங்குகளுக்கு அந்த அறிவிக்கையால் பயனில்லை.

இன்னும் இரண்டு விஷயம். சில கரடுகள் 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் காப்புக்காடாக்குவதற்கான முதல் அறிவிக்கையாகி, 16ஆம் பிரிவின் இறுதி அறிவிக்கை வராமலே கிடப்பில் இருக்கும். பழைய அரசிதழில் உங்கள் புல எண் இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் பேச்சே வேறு. அடுத்தது, 1996இல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிலம் யார் பெயரில் இருந்தாலும் அகராதிப் பொருளில் அது காடு என்றால் வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்றது. 2023இல் சட்டத்தைத் திருத்தி இதைச் சுருக்கப் பார்த்தார்கள். 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு, பழைய பொருளே தொடரட்டும் என்றது. புதர்க்காடும் காடுதான் என்று வாதாட இதில் இடமிருக்கிறது.

அரிட்டாபட்டி மாதிரி எங்கள் ஊரையும் பல்லுயிர் பாரம்பரியத் தளமாக அறிவிக்க முடியுமா? அறிவித்துவிட்டால் ஆடு மாடு மேய்க்க விடமாட்டார்கள் என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். (சிவகங்கை மாவட்டம்)

முடியும். 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவில், உள்ளாட்சி அமைப்பைக் கலந்துகொண்டு மாநில அரசு அறிவிக்கும். மேய்ச்சல் பற்றிய பயம் தேவையில்லை. ஊர்க்காரர்கள் காலகாலமாகச் செய்துவருவதை இந்த அறிவிப்பு தடுப்பதில்லை. தாங்களாக ஏற்றுக்கொள்கிற கட்டுப்பாடு மட்டும்தான். சரணாலயத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசமே அதுதான். இதை ஊரில் முதலிலேயே விளக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆடு வைத்திருப்பவர்கள் எதிரணிக்குப் போய்விடுவார்கள், அப்புறம் எதுவும் நடக்காது.

ஆனால் அரிட்டாபட்டிக் கதையை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். 2022 நவம்பரில் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டிலுமாக 193.215 ஹெக்டேரை அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் அதுதான் முதல். ஏழு குன்றுகள், சுனைகள், 72 நீர்நிலைகள், சமணர் படுக்கை, தமிழிக் கல்வெட்டு, வல்லூறு வகைகள் என்று அங்கே இல்லாதது குறைவு. அப்படியும் இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், ஒன்றிய அரசு நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்று ஏறக்குறைய 2,015 ஹெக்டேரை ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலத்தில் கொடுத்துவிட்டது. அந்த 193 ஹெக்டேரும் அதற்குள் அடக்கம். 2023இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து இந்த மாதிரி முக்கியக் கனிமங்களை ஏலம் விடுகிற அதிகாரம் டெல்லியில் இருக்கிறது.

அப்புறம் மேலூர் வட்டாரமே எழுந்தது. கிராமசபைகளில் தீர்மானம், கடையடைப்பு, 2024 டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரி 7ஆம் தேதி மதுரை நோக்கிய பேரணி. ஜனவரி 23ஆம் தேதி ஏலத்தை ரத்து செய்தார்கள். அறிவிக்கை மட்டும் இருந்திருந்தால் போதாது, கூட்டம் மட்டும் திரண்டிருந்தாலும் போதியிருக்காது என்பது என் கணிப்பு. அறிவிக்கை இருந்ததால்தான் "இது வெறும் பொட்டல் காடு" என்று யாராலும் பேச முடியவில்லை. கிரானைட் குவாரிக்கு எதிராக முன்பே நின்று பழகிய ஊர் என்பதும் ஒரு காரணம்.

உங்கள் ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கிறதா என்று விசாரியுங்கள். சட்டப்படி எல்லா ஊராட்சியிலும் இருக்க வேண்டும். பல இடங்களில் உறுப்பினருக்கே தான் உறுப்பினர் என்று தெரியாது! அந்தக் குழுவை உயிர்ப்பித்து, ஊரில் உள்ள உயிர்களைப் பட்டியலிடும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைப் பேருக்கு எழுதாமல் ஒழுங்காக எழுதி, மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்குக் கோரிக்கை அனுப்ப வேண்டும். பரப்பு சின்னதாக இருக்கிறதே என்று தயங்காதீர்கள். திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் 2025இல் அறிவித்த கோயில் காடு 5 ஹெக்டேர்கூட இல்லை.

கிராமசபையில் தீர்மானம் போட்டால் குவாரி நின்றுவிடுமா?

தானாக நிற்காது. வன உரிமைச் சட்டம் பொருந்துகிற காட்டு நிலம் என்றால் கிராமசபையின் ஒப்புதலுக்குச் சட்ட பலம் உண்டு. மற்ற இடங்களில் அது ஊரின் கருத்து, அவ்வளவுதான். ஆனாலும் போடுங்கள். பிறகு வரப்போகிற ஒவ்வொரு மனுவுக்கும் வழக்குக்கும் அதுதான் முதல் இணைப்பு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூட்டம் நடக்கும்.

தீர்மானத்தில் "இயற்கையைக் காக்க வேண்டும்" என்று எழுதிப் பிரயோஜனமில்லை. புல எண், பரப்பு, 'அ' பதிவேட்டில் உள்ள வகைப்பாடு, அங்கே இருக்கிற சுனை, ஓடை, அந்த ஓடை எந்தக் கண்மாய்க்குப் போகிறது, அதில் பாசனம் எவ்வளவு, பார்த்த உயிர்கள் எவை, இத்தனையும் வர வேண்டும். தண்ணீர்க் கணக்கை விட்டுவிடாதீர்கள். தேவாங்குக்காகக் கை தூக்காதவர்கூடத் தன் ஆயக்கட்டுக்காகத் தூக்குவார். முடிந்ததும் தீர்மானப் புத்தகத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

குவாரிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டமே நடத்தாமல் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். இது சரியா?

பரப்பைப் பாருங்கள். 5 ஹெக்டேருக்குக் கீழே உள்ள தனிக் குவாரிக்குக் கருத்துக்கேட்பு இல்லாமலே அனுமதி தர வழி இருக்கிறது. அதனால்தான் பக்கத்துப் பக்கத்திலேயே நாலு ஹெக்டேர், நாலே முக்கால் ஹெக்டேர் என்று விண்ணப்பங்கள் வருகின்றன. தற்செயல் என்று நினைக்காதீர்கள். ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் இருக்கிற குவாரிகளை ஒரே தொகுப்பாகக் கணக்கிட வேண்டும். கூட்டினால் 5 ஹெக்டேரைத் தாண்டுகிறதா என்று புலப்படத்தை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். தாண்டினால் உங்கள் கையில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது.

தூரக் கணக்கும் உண்டு. தேசியப் பூங்கா, சரணாலய எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுரங்கம் கூடாது. 2021 நவம்பரில் தமிழ்நாடு அரசு காப்புக்காடுகளுக்கும் இதே 1 கிலோமீட்டர் தடையைக் கொண்டுவந்தது. ஒரு வருஷம் கழித்து, 2022 டிசம்பரில், காப்புக்காடுகளை மட்டும் அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். கையில் பழைய அரசாணையை வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது அல்வா.

அனுமதியை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம். மேல்முறையீட்டுக்கு 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் கதவு சாத்திவிடும். இழப்பீடு கேட்காத மனுவுக்கு 1,000 ரூபாய்தான் கட்டணம். இந்தக் கெடுவை விட்டுவிட்டு என்னிடம் வருகிறவர்களே அதிகம்.

பள்ளிப் பிள்ளைகளை வைத்து எங்கள் ஊர்ப் பொட்டலில் விதைப்பந்து வீசலாமா? (ஓர் ஆசிரியை)

வேண்டாம் டீச்சர். நல்ல மனசோடு செய்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் அந்தப் பொட்டல் அநேகமாகப் புல்வெளி. வெளிமானும் வானம்பாடியும் கௌதாரியும் வாழ்வதற்குத் திறந்த வெளிதான் வேண்டும். வல்லநாட்டிலும் கோடியக்கரையிலும் வெளிமான் எந்த மாதிரி நிலத்தில் நிற்கிறது என்று பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். தீர்மானமாக எதையாவது செய்ய வேண்டும் என்றால் சீமைக்கருவேலங் கன்றுகளைப் பிடுங்கச் சொல்லுங்கள்.

நாங்கள் கல்லூரி மாணவர்கள். எங்கள் படங்களும் பட்டியலும் அதிகாரிகளிடம் செல்லுபடியாகுமா?

தேதியும் இடமும் இருந்தால் ஆகும். ஈபேர்டு இணையதளத்தில் பறவைப் பட்டியலையும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் மற்ற உயிர்களையும் வருஷம் முழுக்க ஏற்றுங்கள். ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, அதிலும் சேருங்கள். ஆபத்து வந்த பிறகு ஒரே வாரத்தில் எடுத்த நூறு படத்தைவிட, நாலு வருஷமாக மாதா மாதம் எடுத்த பட்டியலுக்கு மதிப்பு அதிகம். தேவாங்கு இருக்கும் மரத்தையும் வல்லூறு கூடு வைத்த பாறையையும் மட்டும் வெளியில் சொல்லாதீர்கள். முதலில் உங்கள் படத்தைப் பார்ப்பவன் யார் என்று உங்களுக்குத் தெரியாது.

மயிலும் பன்றியும் மக்காச்சோளத்தை அழித்துவிட்டன. உங்களுக்கு மனு எழுதுவது சுலபம், இழப்பீடு யார் தருவது?

கோபம் நியாயமானது. இழப்பீட்டுக்கு வனத்துறையிடம் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர் சான்றும் சேதப் படங்களும் வேண்டும். கிடைக்கிற தொகை உங்கள் செலவை ஈடு செய்யும் என்று பொய் சொல்ல மாட்டேன். மின்வேலி போடுவதாக இருந்தால் 2023 விதிகளின்படி பதிவு செய்துவிட்டுப் போடுங்கள். நேரடி மின்சாரத்தைக் கம்பியில் விட்டால் யானை மட்டுமில்லை, பக்கத்துத் தோட்டத்துக்காரரும் சாவார். உங்கள் மாதிரி ஆட்களின் இழப்பைப் பேசாத பாதுகாப்புக் குழுவுக்கு ஊரில் ஆதரவு நிற்காது. எனக்கு எழுதும் மற்றவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

புகார் கொடுத்த மறுநாளே என் பெயர் குவாரிக்காரருக்குத் தெரிந்துவிட்டது. பயமாக இருக்கிறது.

பயம் இருக்கத்தான் வேண்டும். 2025 ஜனவரியில் திருமயம் அருகே, சட்டவிரோதக் குவாரிகளைப் பற்றித் தொடர்ந்து புகார் கொடுத்துவந்த ஜகபர் அலி லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். இதைத் தெரிந்துகொண்டே உங்களைத் தனியாகப் போகச் சொல்ல எனக்கு மனசு வராது.

இனி உங்கள் பெயரில் மட்டும் மனு கொடுக்காதீர்கள். இருபது முப்பது பேர் கையெழுத்துப் போடட்டும், அகரவரிசையில். தகவல் உரிமை விண்ணப்பங்களை வெளியூரில் இருக்கிற நம்பிக்கையான ஒருவர் பெயரில் போடலாம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில், எந்த இந்தியக் குடிமகனும் கேட்கலாம். குவாரிக்கு இரவில் போய் வீடியோ எடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம், செயற்கைக்கோள் படங்களை வருஷ வாரியாக வைத்தாலே வெட்டிய ஆழமும் பரப்பும் ஓரளவு தெரியும். மிரட்டல் வந்தால் அன்றைக்கே காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள், நகலைக் கலெக்டருக்கும் அனுப்புங்கள்.

எல்லாமே காகிதம்தானா? கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருக்கிறார்களே, யார் உத்தரவு போட்டார்கள்?

யாரும் போடவில்லை. அந்த ஊர்க்காரர்களைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ஆனால் அவர்கள் கண்மாயும் 1977இலேயே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில் சேர்ந்துவிட்டது. வேடந்தாங்கல் இன்னும் பழைய கதை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் 1798இல் எழுத்துப்பூர்வமாக ஒரு கௌல் (உரிமைச் சாசனம்) வாங்கி வைத்துக்கொண்டார்கள். பறவைகள் மேல் பாசம் அவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது. துப்பாக்கி வைத்திருப்பவனிடம் காட்ட அது போதவில்லை.

ஜமாபந்தியில் (வருஷாந்திரக் கிராமக் கணக்குத் தணிக்கையில்) இந்த மாதிரி மனு வாங்குவார்களா?

வாங்குவார்கள். வழக்கமாக மே, ஜூனில் தாலுகா ஆபீஸில் நடக்கும். அன்றைக்குக் கிராமக் கணக்குகள் எல்லாம் மேஜைக்கு வந்திருக்கும். அதனால் உங்கள் கரட்டின் வகைப்பாட்டைப் பற்றிக் கேட்க அதைவிட நல்ல நாள் கிடையாது. பட்டா மாறுதல் கூட்டம் சேர்வதற்குள் காலையிலேயே போய்விடுங்கள். மனு எண் போட்ட ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.