பதில்: நாலு வயது மகனுக்குத் திக்கல், இடது கையை மாற்றியதாலா?

மகன் எட்டு மாதமாகத் திக்குகிறான், பாடும்போது மட்டும் திக்குவதில்லை, நாக்கில் வசம்பு தேய்க்கிறோம், இடது கைப் பழக்கத்தை நீங்கள் மாற்றியதால்தான் இப்படி என்று மாமியார் சொல்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னதை நினைத்து உங்களை நொந்துகொள்ளாதீர்கள். இடது கைப் பழக்கத்தை மாற்றினால் திக்கும் என்பது வெறும் ஊர்ப்பேச்சு இல்லை. சுமார் 100 வருடத்துக்கு முன் அமெரிக்காவின் அயோவாவில் ஆர்ட்டன், டிராவிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கிட்டத்தட்ட இதையே கோட்பாடாக வைத்தார்கள். ஆனால் பிந்தைய ஆய்வுகளில் அது நிற்கவில்லை. (அதற்காகக் கையை இனியும் மாற்ற வேண்டாம்.)

போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, கணவரின் தம்பிக்கும் திக்கும் என்று, அதுதான் முக்கியம். திக்கலில் பரம்பரையின் பங்கு பெரிது. 2010-இல் பாகிஸ்தான் குடும்பங்களை ஆராய்ந்தபோது ஜிஎன்பிடிஏபி என்ற மரபணுவில் மாற்றங்கள் தெரிந்தன. செல்லுக்குள் கழிவைச் சிதைக்கும் நொதிகளை உரிய இடத்துக்கு அனுப்புவது அதன் வேலை. ஆனால் திக்குபவர்களில் சிலருக்கே இது பொருந்தும்.

மூளை ஸ்கேன்களில், பேச்சைத் திட்டமிடும் பகுதியையும் நாக்கு, உதட்டை அசைக்கும் பகுதியையும் இணைக்கும் இடப்பக்க நரம்பிழைகளில் வித்தியாசம் காண்கிறார்கள். அடுத்த அசையை எப்போது தொடங்குவது என்ற கணக்கு அங்கே தடுமாறுகிறது என்பது இப்போது செல்வாக்குள்ள விளக்கம். பாடும்போது தாளமே அந்தக் கணக்கைக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் பையன் திக்காமல் பாடுகிறான் போல.

ஆக, கோளாறு நாக்கில் இல்லை. வசம்பு தேய்ப்பதை நிறுத்துங்கள். இந்த வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். ஆனால் ஆண் பிள்ளை, குடும்பத்தில் திக்கல், எட்டு மாதம் வேறு ஆகிவிட்டது. காத்திருக்காமல் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். அவன் ‘ப-ப-பந்து’ என்று திக்குவதையும், வாய் திறந்தும் சத்தம் வராமல் நிற்பதையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். புது ஆளிடம் பல பிள்ளைகள் வாயே திறக்காது.