பிசிசிஐ வீட்டுக்குள் உச்ச நீதிமன்றம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பிசிசிஐ (இந்திய கிரிக்கெட் வாரியம்) அரசு நிறுவனம் இல்லையே, கோர்ட் எப்படி நுழைந்தது?

இல்லைதான். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வரும் ஒரு சங்கம் அது. உங்கள் தெரு நலச்சங்கம் பதிவாகிற அதே சட்டம். 2013 ஐபிஎல் சூதாட்ட விவகாரத்தில் பீகார் கிரிக்கெட் சங்கம் வழக்குப் போட்டது. 2015 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: பிசிசிஐ அரசின் அங்கம் அல்ல, ஆனால் செய்வது பொதுப்பணி, எனவே அதன்மீது ரிட் மனு (பொதுப்பணி செய்யும் அமைப்பின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) செல்லும்.

கேள்வி: ஒரே ஆள் எத்தனை வருஷம்தான் பதவியில் இருக்கலாம்?

சண்டையே இதில்தான். உச்ச நீதிமன்றம் நியமித்த, முன்னாள் தலைமை நீதிபதி லோதாவின் குழு சொன்னபடி ஒரு தவணை 3 ஆண்டு, முடிந்ததும் 3 ஆண்டு வெளியே. 2016இல் நீதிமன்றம் ஏற்றது. 2018இல் தளர்த்தியது: தொடர்ந்து 6 ஆண்டு இருக்கலாம், மாநிலச் சங்கப் பதவியும் அதே கணக்கில் சேரும். 2022 செப்டம்பரில் மாநிலக் கணக்கு தனி, வாரியக் கணக்கு தனி என்று ஆனது. கூட்டிப் பாருங்கள். மாநிலச் செயலாளராக 6 ஆண்டு, அப்புறம் வாரியத்தில் 6. ஆக 12 ஆண்டு, நடுவில் ஒரு நாள்கூட வீட்டில் உட்கார வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், சீர்திருத்தத்தின் உயிரே அந்த இடைவெளிதான். தவணை முறையில் அதைக் கரைத்துவிட்டார்கள்.

கேள்வி: விதியை வாரியமே மாற்றிக்கொள்ளக் கூடாதா?

பொதுக்குழு நிறைவேற்றலாம், உச்ச நீதிமன்ற அனுமதியில்லாமல் அது செல்லாது. 2018 விதிகளிலேயே இந்தப் பூட்டு உண்டு. பதவிக்கால விதியைத் தளர்த்த 2019 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம் 2022 வரை காத்திருந்தது அதனால்தான். வேடிக்கை என்னவென்றால், மனு நிலுவையில் இருந்த காலம் முழுக்க அப்போதைய வாரியத் தலைவர் கங்குலியும் செயலாளர் ஜெய் ஷாவும், பழைய விதிப்படி 6 ஆண்டு முடிந்த பிறகும், பதவியில் தொடர்ந்தார்கள். பூட்டு அவர்களுக்குக் குடையாகிவிட்டது!

கேள்வி: கால்பந்துக்கு மட்டும் ஏன் தடை வந்தது?

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கு நிர்வாகிகள் குழுவை நியமித்தது. வெளியார் தலையீடு என்று ஆகஸ்டில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பை இங்கே நடக்க வேண்டும். குழுவைக் கலைத்தார்கள், 11 நாளில் தடை நீங்கியது. கிரிக்கெட்டிலோ அப்படியொரு குழு 2017 முதல் 2019 வரை ஆண்டது, சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசி தடை போடவில்லை. கல்லாப்பெட்டி எங்கே இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: சிஎஸ்கேயை இரண்டு வருஷம் வெளியேற்றியதும் லோதா குழுவா?

ஆமாம், 2015 ஜூலையில். ராஜஸ்தான் ராயல்ஸுக்கும் அதே தண்டனை. 2018இல் சிஎஸ்கே திரும்பி வந்து கோப்பையையே வாங்கினார்கள். ஆனால் காவிரிப் போராட்டத்தால் அந்த ஆண்டு சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டம்தான்.