பெங்களூரில் தினமும் ஓட்டவும், நான்கு ஆண்டு கழித்து விற்கவும் ஏற்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் எது?

ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் வீடு, ஒயிட்ஃபீல்டில் அலுவலகம், கையில் 40 லட்ச ரூபாய். இரண்டு கதவுள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கித் தினமும் ஓட்ட வேண்டும், நான்கு ஆண்டு கழித்து விற்கும்போது கையைக் கடிக்கவும் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்துவைத்திருக்கும் ஆடி டிடி, பி.எம்.டபிள்யூ. இசட்4, போர்ஷே கேமன், ஃபோர்ட் மஸ்டாங் ஆகிய நான்கில், 2015-இல் இங்கே விற்பனைக்கு வந்த மூன்றாம் தலைமுறை டிடியையே நான் முதலில் வைப்பேன். நானும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு வாசியுங்கள். எந்த வண்டி என்ற கேள்வியைவிட, அது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்ற கேள்விக்கு உங்கள் பணத்தில் பங்கு அதிகம் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பெங்களூரில் விற்பனைக்கு வரும் ஸ்போர்ட்ஸ் கார் விளம்பரங்களைச் சில வாரம் தொடர்ந்து பார்த்தால் ஒன்று கண்ணில் படும். எட்டு ஆண்டுப் பழைய வண்டி பதினைந்தாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். அதையே பெருமையாகச் சொல்லி, அதே வயதில் நாற்பதாயிரம் ஓடிய வண்டியைவிடச் சில லட்சம் கூடுதலாகக் கேட்பார்கள். அந்தக் கூடுதல் தொகை, வண்டியை நிறுத்தியே வைத்திருந்ததற்கான கூலி. வாங்கிய பிறகு நீங்களும் அதை நிறுத்தியே வைத்தால் அந்தக் கூலி ஒருநாள் உங்களுக்கும் கிடைக்கும். ஆனால் ஒரு வழிக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்து, ஆண்டுக்கு 220 வேலை நாள் ஓட்டினால், அலுவலகத்துக்கு மட்டுமே ஆண்டுக்கு 8,800 கிலோமீட்டர் ஆகிவிடும். நான்கு ஆண்டில் 35,000-ஐத் தாண்டும். குறைந்த ஓட்டத்துக்காக நீங்கள் கொடுத்த கூடுதல் பணம் முழுவதும் வெளிவட்டச் சாலையில் கரைந்துவிடும். எனவே தினமும் ஓட்டப் போகிறவர், ஓடோமீட்டருக்காக ஏற்கெனவே விலை இறங்கிவிட்ட வண்டியை, அதாவது நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் ஓடி, ஒரு சர்வீஸ்கூட விட்டுப்போகாமல் பதிவுள்ள வண்டியை வாங்குவதே கணக்குக்கு ஒத்துவரும். அது எண்பதாயிரத்தைத் தொடும்போதும் விலை குறையத்தான் செய்யும். ஆனால் முதலில் விழுந்த அளவுக்கு அது விழாது.

மேலும், ஓடாமல் நின்ற வண்டி நல்ல வண்டி என்று நினைப்பதற்கும் ஆதாரம் இல்லை. ரப்பர் புஷ்களும் சீல்களும் ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதிர்கின்றன, பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது, பேட்டரி படுத்துவிடுகிறது. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்று பொருள். பட்டன் தேயாமல் புத்தம் புதிதாகத் தெரிந்தாலும், ஆறேழு ஆண்டைக் கடந்த டயரில் அதிவேகத்தில் போவது உகந்ததல்ல. நான்கு டயரையும் மாற்றும் செலவைக் கேட்ட விலையிலிருந்து அப்போதே கழித்துப் பேசுங்கள்.

இனி வசதி. சஸ்பென்ஷன் கடினமாக இருக்கிறதே, இருக்கை தாழ்வாக இருக்கிறதே என்பவற்றுக்கெல்லாம் உடம்பு ஒரு மாதத்தில் பழகிவிடும். பழகவே முடியாதது வேகத்தடை. சாலைகளுக்கான தரவிதிகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை என்பது 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு, சாலைவாக்கில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். டிடியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே சுமார் 2.5 மீட்டர்தான். ஆகவே விதிப்படி கட்டிய தடையில் இரண்டு சக்கரமும் ஒருசேர ஏறி நிற்கும். வண்டியின் நடுப்பகுதிக்கு எதிராக மேடு நீட்டிக்கொண்டிருப்பது ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவே. எந்த ஸ்போர்ட்ஸ் காரும் அதைத் தொடாமல் கடக்கும். ஆனால் நம் லேஅவுட்டுகளின் உட்சாலைகளில் குடியிருப்போர் கேட்டு வாங்கியோ, தாமே கொட்டியோ வைத்திருக்கும் தடை ஓரடி அகலத்தில் குத்துக்கல்லாக நிற்கிறது. அதைக் கடக்கும்போது முன் சக்கரம் இறங்கி, பின் சக்கரம் இன்னும் ஏறாமல் இருக்கும் தருணத்தில் மேட்டின் முழு உயரமும் வண்டியின் வயிற்றுக்கு நேராக வருகிறது. பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் கார்களின் அடிமட்ட உயரம் 130 மில்லிமீட்டரைச் சுற்றியே இருக்கிறது. இரண்டு பேர் அமர்ந்து, டாங்க்கும் நிரம்பியிருந்தால் அதுவும் குறையும். குறுக்காக, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றி இறக்கினால் தப்பிக்கலாம். பின்னால் வரும் ஆட்டோக்காரர் பொறுத்துக்கொண்டால்.

இதைவிட முக்கியமானது உங்கள் அடுக்ககத்தின் நிலத்தடி வாகன நிறுத்தத்துக்கு இறங்கும் சரிவு. சரிவு முடிந்து தரை தொடங்கும் மடிப்பில் முன் பம்பரின் கீழ் உதடும், மேலே சரிவு தொடங்கும் விளிம்பில் வயிறும் உரசும். முன்பக்கத்தைச் சில சென்டிமீட்டர் தூக்கிக்கொள்ளும் வசதி புதிய போர்ஷேக்கள் சிலவற்றில் கூடுதல் கட்டணத்துக்கு உண்டு; உங்கள் தொகைக்குள் வரும் வண்டிகளில் அதை எதிர்பார்க்க வேண்டாம். எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன் வண்டியை உங்கள் வீட்டுக்கே வரவழைத்து, இருவர் அமர்ந்த நிலையில் ஒருமுறை இறக்கி ஏற்றிப் பாருங்கள். அங்கேயே, உங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் நிறுத்திக் கதவையும் திறந்து பாருங்கள். இரண்டு கதவு வண்டிகளின் கதவு நீளமானது. பக்கத்தில் ஒரு இன்னோவா நின்றால், தாழ்ந்த இருக்கையிலிருந்து உடம்பை வளைத்து வெளியேறுவது தினசரிப் பயிற்சியாகிவிடும்.

அடுத்தது கியர் பாக்ஸ். மாரத்தஹள்ளிப் பாலத்தின் கீழ் நகர்வதும் நிற்பதுமாக ஊர்ந்து போகும்போது, இரட்டை கிளட்ச் கொண்ட ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிகள் கிளட்சைப் பாதி பிடித்தும் பாதி விட்டும் வண்டியை நகர்த்துகின்றன. எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் என்றால் அந்தச் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ளும். உலர் கிளட்ச் என்றால் சூடும் தேய்மானமும் அதன் தலையிலேயே விழும். மூன்றாம் தலைமுறை டிடியின் ஆறு கியர் பெட்டி எண்ணெயில் மூழ்கிய வகை. அதன் எண்ணெயை உரிய இடைவெளியில் மாற்றிய பில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மஸ்டாங்கில் இருப்பது, கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் வழக்கமான டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். ஊர்வதற்கு அதைவிடச் சுகமானது இல்லை.

வண்டிகளுக்கு வருகிறேன். 2016-இல் 65 லட்ச ரூபாய் ஷோரூம் விலையில் வந்த மஸ்டாங், தொழிற்சாலையிலேயே வலப்பக்க ஸ்டீயரிங்குடன் செய்யப்பட்ட முதல் தலைமுறையைச் சேர்ந்தது. 5 லிட்டர் வி8 இன்ஜினின் குரலுக்கு விலை உண்டு, அதனால் மறுவிற்பனையில் அது தாழ்ந்து போகவில்லை. நல்ல வண்டி உங்கள் தொகைக்குள் கிடைப்பதும் கடினம். 1.9 மீட்டருக்கு மேல் அகலமான அந்த உடம்பை இந்த நகரத்தில் தினமும் கொண்டு செல்வதும், 2021-இல் ஃபோர்ட் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகு உதிரிப் பாகங்களுக்குக் காத்திருப்பதும் உங்களுக்குச் சம்மதமா என்று யோசியுங்கள். 2009 முதல் 2016 வரை உற்பத்தியான இசட்4-இன் உலோகக் கூரை சுமார் 20 நொடியில் மடிந்து டிக்கியில் இறங்கும். இறங்கினால் டிக்கியில் 180 லிட்டர் இடமே மிஞ்சும், பின் இருக்கையும் கிடையாது. காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்-ஃப்ளாட் டயரின் விறைப்பான பக்கச்சுவர் பள்ளத்தை அப்படியே முதுகெலும்புக்குக் கடத்தும். நல்ல வண்டிதான்; நந்தி மலைக்கு ஞாயிறன்று போக.

கேமனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் நால்வரில் விலையை மிக நன்றாகக் காப்பாற்றிக்கொள்வது அதுவே. 2016 வரை வந்த கேமனில் டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் இன்ஜின் இருந்தது. அதன்பின் வந்த 718 கேமனின் அடிப்படை வகைக்கு நான்கு சிலிண்டர் டர்போ. ஆறின் ஒலிக்கும் இழுவைக்கும் ஏங்குவோர் இருப்பதால் பழைய வண்டிக்குத் தேவை குறையவில்லை. ஆனால் அந்த வாடிக்கையாளர் ஓடோமீட்டரை உற்றுப் பார்ப்பவர். தினசரி ஓட்டத்துக்கு இந்த நான்கில் மிக அதிகமாக அபராதம் விதிப்பவரும் அவரே. முதல் தலைமுறை கேமன்களில் சில இன்ஜின்களுக்குச் சிலிண்டர் சுவரில் கீறல் விழும் நோய் உண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகச் சிறு கேமராவை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கு இணங்காத விற்பனையாளரிடம் பேச்சைத் தொடர வேண்டாம்.

டிடியை ஆர்வலர்கள் அவ்வளவாகக் கொண்டாடுவதில்லை, ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காரின் சகோதரன் என்று சொல்லி ஒதுக்குவோரும் உண்டு. அந்த உறவே உங்களுக்கு லாபம். அதன் 2 லிட்டர் டர்போ இன்ஜினும் பெரும்பாலான அடிப்பாகங்களும் ஸ்கோடாவின் ஆக்டேவியா ஆர்.எஸ்., சூப்பர்ப் போன்ற வண்டிகளின் குடும்பத்தைச் சேர்ந்தவை. நிறுவன சர்வீஸுக்கு வெளியேயும் அவற்றை அறிந்த மெக்கானிக்குகள் பெங்களூரில் இருக்கிறார்கள். அடுத்து வாங்க வருகிறவரும் இந்த ஊர்க்காரராகத்தான் இருப்பார், அவரும் இதே மேடு பள்ளத்தில்தான் ஓட்டுவார் என்பதால், பராமரிக்க எளிதானது என்ற பெயர் விற்பனையின்போது காசாகிறது. 2023 நவம்பரில் உற்பத்தி நின்றுவிட்டது. அதனால் விலை ஏறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், புதிய மாடல் வந்து பழையதை மட்டந்தட்டும் வேகம் குறையும், அவ்வளவே. இரண்டு கதவு என்ற நிபந்தனையைத் தளர்த்தினால் ஆக்டேவியா ஆர்.எஸ். 245 இன்னும் மேல். 2020-இல் ஷோரூம் விலை 36 லட்சத்துக்கு 200 வண்டி மட்டுமே வந்ததால் அதைத் தேடிக்கொண்டே இருப்பவர்கள் இருக்கிறார்கள்.

பதிவு விஷயத்தில் நம்மவர்கள் அடிக்கடி சறுக்குகிறார்கள். சேலத்திலோ ஓசூரிலோ அப்பா முகவரியில் டி.என். பதிவு வண்டியை வாங்கிப் பெங்களூரில் ஓட்டலாம் என்ற யோசனை உங்களுக்கும் வந்திருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டியை அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். கர்நாடகத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 18 சதவீதம், அதன்மீது மேல்வரி வேறு. அதுவும் நீங்கள் கொடுத்த விலைமீது அல்ல, வண்டி புதிதாக விற்றபோது இருந்த விலைமீது, வயதுக்கு ஏற்றபடி குறைத்துக் கணக்கிடுவார்கள். 2025 ஜூலையில், மகாராஷ்டிரப் பதிவுடன் இங்கே ஓடிய ஃபெராரி ஒன்றின் உரிமையாளரிடம் ஜெயநகர் ஆர்.டி.ஓ. 1 கோடியே 41 லட்ச ரூபாய்க்கு மேல் வசூலித்தது. டெல்லியில் பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு, டீசலுக்கு 10 ஆண்டு என்ற கட்டுப்பாடு நீண்ட காலம் இருந்ததால் அங்கே விலை மலிவாகத் தெரியும். இந்த வரியையும் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கும் அலைச்சலையும் சேர்த்தால் மலிவு மறைந்துவிடும். கர்நாடகத்தின் கே.ஏ. பதிவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம், விற்கும்போது பெரும்பாலும் திரும்பி வரும் பணம்.

இன்சூரன்ஸில், ஐந்தாண்டைக் கடந்த வண்டிக்கான காப்பீட்டு மதிப்பு நிறுவனமும் நீங்களும் பேசி முடிவு செய்வது என்பதால், பிரீமியத்தைக் குறைப்பதற்காக அதை மிகக் கீழே இறக்கிவிடாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கான ஜி.எஸ்.டி., செஸ்ஸோடு சேர்த்து 50 சதவீதம் வரை இருந்தது 40 ஆகக் குறைந்து, புதிய வண்டிகளின் விலை லட்சக்கணக்கில் இறங்கியது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு பழைய வண்டிக்கு விலை சொல்பவரிடம் இதை நினைவூட்டுங்கள். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், எமலூர் பக்கம் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் இன்னும் சந்தையில் சுற்றுகின்றன என்று வைத்துக்கொண்டே பரிசோதிப்பது நல்லது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரியும். மிதியடிக்குக் கீழுள்ள கம்பளத்தின் அடியையும் முகர்ந்து பாருங்கள்.

சோதனை ஓட்டத்துக்கு விற்பவர் ஞாயிறு காலை நைஸ் சுங்கச் சாலைக்கு அழைப்பார். அங்கே எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். வேலை நாளில் மாலை ஆறரை மணிக்கு, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, சில்க் போர்டிலிருந்து மாரத்தஹள்ளி வரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். வெப்பநிலை முள், கியர் பெட்டியின் உதறல், உங்கள் இடுப்பு ஆகிய மூன்றும் அந்த ஒரு மணி நேரத்தில் பதில் சொல்லிவிடும். அதற்குச் சம்மதிக்காதவர் வண்டியைப் பார்க்க மீண்டும் போக வேண்டியதில்லை.