குடியிருப்புக் குடிநீர்க் குழாய்களில் வால்வுகளை எங்கே வைப்பது?

புதிய மனைப்பிரிவில் தெருவுக்கு ஒரு வால்வு போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் போதாது. வரைபடத்தை எடுத்து, ஒவ்வொரு குழாயும் உடைந்தால் எந்தெந்த வால்வை மூட வேண்டும், எத்தனை வீட்டுக்குத் தண்ணீர் நிற்கும் என்று பாருங்கள். ஐந்தாறு வால்வைத் தேடி ஓட வேண்டியிருந்தால் அமைப்பு சரியில்லை.

சந்திப்புகளில் வைப்பதே வழக்கம். மூன்று குழாய் சேரும் டீயில் (T வடிவ இணைப்பில்) மூன்றிலும் வைத்தால் நல்லது. செலவு இடித்தால் அங்கே இரண்டு போதும்; நான்கு குழாய் சேரும் இடத்தில் மூன்று. கிளையில் மட்டும் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனால், பிரதானக் குழாய் உடையும் அன்று எல்லாத் தெருவும் காயும். சந்திப்புகள் தள்ளி இருந்தால் நடுவிலும் வேண்டும். அமெரிக்காவின் பத்து மாநிலத் தரநிலை (Ten States Standards என்ற குடிநீர் அமைப்பு வழிகாட்டி), கடைவீதிக்கு 500 அடி, மற்ற பகுதிகளுக்கு ஒரு பிளாக் (இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு இடைப்பட்ட தூரம்) அல்லது 800 அடி (சுமார் 240 மீட்டர்) என்று உச்ச இடைவெளி சொல்கிறது.

ஆனால் குழாய்கள் வளையமாக இணைந்திருந்தால்தான் முழுப் பலன். மரக்கிளை மாதிரி பிரிந்து போனால், மேலே அடைத்ததும் கீழே உள்ள எல்லாருக்கும் நின்றுவிடும். முடிந்தவரை முட்டுச்சந்துக் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள்.

அப்புறம், வால்வு குழியின் மூடியைச் சாலைமட்டத்துக்கு உயர்த்தச் சொல்லுங்கள். தார் போடுகிறவர்கள் அதை மூடிவிட்டுப் போவதில் கெட்டிக்காரர்கள். கேட் வால்வை (தகடு இறங்கி அடைக்கும் வகை) வருடம் ஒருமுறையாவது முழுக்க மூடித் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் இறுகிவிடும். பழுது முடிந்ததும் முழுக்கத் திறந்தார்களா என்றும் பாருங்கள். பாதி மூடிய வால்வால் அழுத்தம் குறையும்.