எண்டோஸ்கோபி நார்மல், ஆனாலும் விழுங்க முடியவில்லை!

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. டெர்மடோமயோசைடிஸ் (தசையையும் தோலையும் தாக்கும் அழற்சி நோய்) என்று சொல்லி ஸ்டீராய்டு கொடுத்தார்கள். இப்போது கையைத் தூக்கித் தானே தலை வாரிக்கொள்கிறார். ஆனால் தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது, சில சமயம் மூக்கு வழியாக வந்துவிடுகிறது. எண்டோஸ்கோபியில் ஒன்றுமில்லையாம். வீட்டில் எல்லோரும் 'வெறும் மனபயம்' என்கிறார்கள். உண்மையா டாக்டர்?

பதில்: பயந்தால் மூக்கில் தண்ணீர் வராது! விழுங்கும்போது அண்ணத்தின் பின்பகுதி மேலெழுந்து மூக்குப் பக்கத்தை அடைக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு அந்தத் தசை சோர்ந்திருக்கிறது. குரலும் மூக்கால் பேசுவது போல மாறியிருக்கிறதா, கவனியுங்கள்.

தொண்டையும் உணவுக்குழாயின் மேல்பகுதியும் கை கால்களைப் போலவே வரித்தசையால் ஆனவை. அதனால்தான் இந்த நோய் அங்கேயும் கைவைக்கிறது. தோள் தேறிவிட்டது, தசைச் சேதத்தைக் காட்டும் சி.கே. ரத்தப் பரிசோதனையும் நார்மல், ஆகவே தொண்டையும் சரி என்று கணக்குப் போட முடியாது. எண்டோஸ்கோபி புண்ணையும் கட்டியையும் காட்டும். ஒரு மடக்கு தண்ணீர் இறங்கும்போது எந்தத் தசை பின்தங்குகிறது என்று காட்டாது. அதற்கு பேரியம் கலந்ததை விழுங்கவைத்து, எக்ஸ்ரேயில் வீடியோவாக எடுக்க வேண்டும். இதை டாக்டரிடம் கேட்டே வாங்குங்கள். நான் பார்க்கும் வீடியோக்களில், விழுங்கி முடித்த பிறகும் நாக்கின் வேர்ப்பகுதிக்குப் பின்னால் தொண்டையில் உள்ள குழியில் கொஞ்சம் தேங்கி நிற்கும். அடுத்த மூச்சில் அது மூச்சுக்குழாய்க்குள் நழுவும். சிலருக்கு அப்போது இருமல்கூட வராது. இருமுகிறவர்களைவிட இவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சாப்பிட்டதும் குரல் சளி கட்டியது போலக் கரகரத்தால் உடனே காட்டுங்கள். காய்ச்சலும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் நிமோனியாவாக இருக்கலாம், காத்திருக்காதீர்கள்.

அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னச் சின்ன வாயாக, ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு முறை விழுங்கட்டும். சாப்பிட்டதும் படுக்க வேண்டாம். தாடையைத் தாழ்த்தி விழுங்கும் உத்தி எல்லோருக்கும் ஒத்துவராது. விழுங்கும் பயிற்சி தருபவர் வீடியோவைப் பார்த்துச் சொல்லட்டும். மாத்திரை சிக்கினால் மேலே தண்ணீரை ஊற்றித் தள்ளாதீர்கள். எலும்புக்காக வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் எடுக்கிறாரா? அது உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும். மாற்று மருந்து உண்டு, கேளுங்கள். ஸ்டீராய்டை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது.

இன்னொன்று. பெரியவர்களுக்கு இந்த நோய் வந்தால் உடலில் எங்காவது புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவது வழக்கம். விழுங்கும் சிரமமும் சேர்ந்தால் இன்னும் கவனமாகத் தேடுவோம். அம்மாவுக்கு அது செய்யப்பட்டதா? தசை அழற்சி இன்னும் அடங்கவில்லை என்றால் மருந்தைக் கூட்டுவதோ, ரத்தக்குழாய் வழியாக இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்புப் புரதம்) கொடுப்பதோ உதவலாம்.

கேள்வி: அப்பாவுக்கு இன்க்ளூஷன் பாடி மயோசைடிஸ் (தசை அழற்சியில் இன்னொரு வகை). விழுங்கச் சிரமப்படுகிறார். ஸ்டீராய்டால் தொண்டை சரியாகுமா?

பதில்: பெரும்பாலும் ஆகாது. இந்த வகை அந்த மருந்துக்கு மசிவதில்லை. உணவுக்குழாயின் வாசலில் உள்ள வளையத் தசை திறக்காததுதான் தடை என்று வீடியோவில் தெரிந்தால், பலூனால் விரிப்பது, தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி, அந்தத் தசையைக் கீறிவிடும் அறுவை சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. பலன் ஆளுக்கு ஆள் மாறும். எடை குறைய ஆரம்பிப்பதற்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.